மகனுக்கு வீடு பழக்கியவர்

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கிழமையில் ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு போய் யாராவது ஒருவருடைய வீட்டில் விடுவார். விட்டுவிட்டு, அன்று பகல் முழுக்கத் தான் செத்துவிட்டதாக வைத்துக்கொள்வார்.

கண்டக்குழியில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். கரையில் வலை தைத்துக்கொண்டிருக்கிறவர்கள் அவர் மகனோடு வருவதைக் கண்டால் கேட்பார்கள்:

"மாமி, இன்டைக்கு மௌத்து யார் வீட்டுல?"

"உன்ட வீட்டுலதான். போய்ப் பொண்டாட்டிக்கிட்ட சொல்லி வை, ஒரு பிடி அரிசி கூடப் போடட்டும்."

"சோத்த நாங்க போடுறோம். உங்கள எங்க அடக்குறது?"

"சந்தி பஸ் ஹோல்ட்ல. நல்ல காத்தோட்டமான கபுறு."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. சாவைப் பற்றி யாராவது பகிடியாகக் கதைத்தாலே உள்ளங்கை வேர்த்துவிடுகிற ஆள் நான்.

ஊருக்கே அவர் மாமிதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மன்னாரில் இருந்திருப்பார்கள். தொண்ணூறில் அங்கிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய சனத்தில் அவரும் ஒருவர். கையில் இருந்த ஒரே சாமான் பால் குடிக்கிற மகன் றியாஸ். புருசன் அகதி முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் கதையைக் கேட்டால் மாமி அழ மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்: "முன்னுக்கே தெரிஞ்சிருந்தா பழகியிருப்போம்."

வீட்டை விட்டுப் போவதற்கும் பழக முடியும் என்று அவர் நம்பினார். புருசன் இல்லாமல் இருப்பதற்கும், பசிக்கும், எல்லாவற்றுக்கும். பழகுவதற்கு நேரம் கிடைக்காததுதான் தன் வாழ்க்கையில் நடந்த பிழை என்று நினைத்தார். அதனால் வரப்போகிற அடுத்த பெரிய விசயத்துக்கு மகனை இப்போதே பழக்கத் தொடங்கியிருந்தார்.

நான் கலியாணம் முடித்து, மனைவியின் ஊரான கண்டக்குழிக்கு வந்து, திறீவீல் ஓட்டோ ஓடத் தொடங்கிய காலத்தில் றியாஸுக்கு இருபதுக்கு மேல் வயது. தாடி வைத்த, தோள் அகன்ற ஆள். புத்தி ஐந்தாறு வயதிலேயே நின்றுவிட்டதாக டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். மாமி அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "நிக்கல்ல. மெதுவா நடக்குது. நமக்குத்தான் நின்டு பாக்க நேரமில்ல" என்பார்.

எங்கள் வீட்டு முறை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பையில் மாற்றுச் சாரம், துவாய், அவன் பால் தேத்தண்ணி குடிக்கிற கோப்பை. வாசலிலேயே வைத்துச் சொல்லித் தந்தார்.

"முகம் கழுவு என்டு சொன்னாக் கழுவ மாட்டான். நீங்க அவனுக்கு முன்னால நின்டு உங்கட முகத்தக் கழுவணும். பாத்துப் பாத்துச் செய்வான்."

"சோறு?"

"அதுவும் அப்படித்தான். நீங்க திண்டாத்தான் அவன் திம்பான்."

"கிணத்துப் பக்கம் போவானா மாமி? திடீரென்டு காய்ச்சல் வந்தா என்ன குடுக்கணும்? ஓடிப் போயிட்டா எந்தப் பக்கம் தேடணும்?"

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார். "மகள், முதல்ல இவரப் பழக்கி எடுக்கணும் போல இரிக்கே."

அவர் ஒளித்துப் போகிற ஆள் இல்லை. மகன் பராக்குப் பார்க்கிற நேரம் நழுவிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும். அவனுக்கு முன்னால் நின்று, கன்னத்தைப் பிடித்து, "உம்மா போறேன்" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்து போவார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

அன்று நான் ஹயர் ஒன்றும் ஓடவில்லை. கிணற்றைத் தகரத்தால் மூடி, தகரத்துக்கு மேலே கல் வைத்தேன். காஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். றியாஸோ என் மனைவிக்கு எதிரே சப்பாணி கட்டி உட்கார்ந்து, அவள் வெங்காயத்தின் தாளை எப்படிக் கிள்ளுகிறாளோ அப்படியே கிள்ளிக்கொண்டிருந்தான். அவள் மூக்கைத் துடைத்தால் அவனும் துடைத்தான். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் மாமி வந்தார்.

"அழுதானா?"

"இல்ல மாமி."

"என்னக் கேட்டானா?"

"கேட்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். சொல்லிவிட்டு அவனுடைய பையைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கேட்காததற்காகச் சந்தோசப்படுவதா என்று அவருக்கே விளங்காத மாதிரி இருந்தது.

எல்லா வீடும் படலையைத் திறக்கவில்லை. வயதுக்கு வந்த குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், வளர்ந்த ஆம்பிளையை எப்படி மாமி, என்று தயங்குவார்கள். அவர் மனம் நோக மாட்டார். "நியாயம்தானே" என்பார். அடுத்த நாள் அந்த வீட்டு ஆம்பிளையைக் கரையில் பிடித்துக்கொள்வார். "வீட்டுக்கு வேணாம், மீன் வாடிக்குக் கூட்டிட்டுப் போ." அப்படித்தான் றியாஸ் கரைவலை இழுக்கப் போனான். நல்ல பலசாலி. முன்னால் நிற்கிறவன் காலை எப்படி ஊன்றுகிறானோ அப்படியே ஊன்றி இழுப்பான்.

ஒரு நாள் அவனுக்கு முன்னால் நின்றவன் நிஸாம். ஊரில் பெரிய பகிடிக்காரன். வலையின் மடி கரைக்கு வந்து எல்லோரும் கயிற்றை விட்ட பிறகும், இவன் வெறுங்கையை வெறுங்கைக்கு மேலே வைத்து இழுக்கிற மாதிரியே பின்னால் பின்னால் போனான். றியாஸும் அவனைப் பார்த்துக் காற்றை இழுத்துக்கொண்டே போனான். தென்னந்தோப்புத் தாண்டி ரோட்டு வரை. மீன் வாங்க வந்தவர்கள், லொட்ஜில் நின்ற வெள்ளைக்காரர்கள், எல்லோரும் சிரிப்பு. நான் சந்தியில் வண்டியோடு நின்றேன். மௌத்து நாளில் வழக்கமாக இருக்கிற பஸ் ஹோல்டில் மாமி இருந்தார். எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நான் போய் நிப்பாட்டவா?"

"வேணாம் மகன்."

"நீங்களாவது போங்களேன்."

"மௌத்தானவ எழும்பிப் போய்ச் சண்டை பிடிக்கேலுமா?"

அசருக்குப் பிறகு நிஸாமிடம் போனார். அவன் ஏச்சு வாங்கத் தயாராக நின்றான். "நாளைக்கும் இவனக் கூட்டிட்டுப் போ" என்றார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "சிரிக்கிறவன் பழகிடுவான் மகன். பயப்படுறவன்தான் பழக மாட்டான்." யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு ஒரு மகள் பிறந்தாள். ஸுமையா. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விரல்களை வெயிலில் பிடித்து அசைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெரிய டொக்டர் பார்த்துச் சொன்ன சொல்லை நான் இரண்டு தரம் கேட்டு, கையில் எழுதிக்கொண்டு வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

மாமி அன்றே வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்பவே தொடங்கணும்" என்றார்.

"என்னத்தத் தொடங்க?" என் மனைவி சத்தம் போட்டாள். "உங்கட மகன் ஆம்பிள. வீடு வீடா விடலாம், வாடியில விடலாம். பொம்புளப் புள்ளய நான் யார் வீட்டுல விட? வாய் திறந்து ஒன்டும் சொல்லத் தெரியாத புள்ள. யாரும் ஏதும் செஞ்சா யார்ட்ட வந்து சொல்லுவா?"

மாமி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். போகும்போது படலையில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு எனக்கும் வழி தெரியல்ல மகன்."

அதற்குப் பிறகுதான் சட்டத்தின் கதை வந்தது. இப்படியான ஆட்களுக்கு அரசாங்கம் என்னென்ன சேவை கொடுக்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் எழுதுகிறார்களாம். பழைய சட்டம் ஒன்று இருக்கிறதாம், அது போதாதாம். கொழும்பிலிருந்து வருகிறார்கள், புத்தளத்தில் கூட்டம், பெற்றோரும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மாமி றியாஸை நிஸாமிடம் விட்டார். "இன்டைக்கு மௌத்து இல்ல. உயிரோடதான் போறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

மண்டபத்தில் நிறையப் பேர். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சைகை மொழி தெரிந்த ஆள் ஒவ்வொரு ஒபிஸிலும் வேண்டும் என்று ஒருவர். எல்லாம் நியாயமான கதைகள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பின் வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாமியின் முறை வந்ததும் எழும்பி நின்றார்.

"மகள், நான் மௌத்தான அடுத்த நாள் காலையில, என்ட மகனுக்கு முன்னால நின்டு யார் முகம் கழுவுவாங்க? அது உங்கட சட்டத்துல எந்த இடத்துல இரிக்கு?"

மேடையில் இருந்தவர் இளம் வயதுச் சட்டத்தரணி, சிங்களப் பிள்ளை. மொழிபெயர்க்கிறவர் அந்த ஒரு கேள்வியை நீண்ட நேரம் சொன்னார். முகம் கழுவுவதைக் கையால் செய்தும் காட்டினார். சட்டத்தரணி தாள்களைப் புரட்டினார். தங்கவைத்துப் பராமரிக்கிற சேவை என்று ஒரு பகுதி இருக்கிறது என்றார். எந்த இல்லம், யார் நடத்துவது என்பதெல்லாம் பிறகு வருகிற ஒழுங்குவிதிகளில்தான் வரும் என்றார்.

"எப்ப வரும் மகள்?"

முதலில் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற வேண்டும், பிறகுதான் அது, என்று சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். மேடையை விட்டு இறங்கி வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தெரியாது அம்மா" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்.

திரும்பி வரும்போது பாலாவிச் சந்தி வரை மாமி உப்பு வயல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் கற்பிட்டி ரோட்டில் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நல்ல புள்ள. பொய் சொல்லல்ல."

"ஓம் மாமி."

"அதுதான் மகன் பயமா இரிக்கு. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அடுத்த கிழமையிலிருந்து மௌத்து நாளை இரண்டாக்கினார். எங்கள் ஊர் வீடுகள் போதாமல் குறிஞ்சிப்பிட்டி வரை போனார். அங்கே தோட்டக்காரர் ஒருவருடைய வீட்டில் மிளகாய் பிடுங்கப் பழக்கினார். றியாஸ் மாறிக்கொண்டு வந்தான். எந்தப் படலைக்குள்ளே விட்டாலும் தன் பையை ஒரு மூலையில் வைத்துவிட்டு, அந்த வீட்டு ஆம்பிளை எங்கே என்று தேடி, அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வான். மாமிக்கு அதில் பெரிய பெருமை. "பாத்தீங்களா, எந்த வீடும் அவனுக்கு வீடுதான்."

மாமி பிறஷர் கூடி, ஒரு பக்கம் இழுத்து, புத்தளம் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். ஜனாஸாத் தொழுகையில் றியாஸ் எங்களோடு வரிசையில் நின்றான். நிஸாம் கையைக் கட்டியபோது அவனும் கட்டினான். நிஸாம் அழுதபோது அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தை அதே மாதிரிச் சுருக்கினான்.

அடக்கிவிட்டு வந்து பள்ளிவாசல் முன்றலில் நின்றோம். தலைவர் கேட்டார்: "இனி இவன யார் பொறுப்பெடுக்கிறது?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். பிறகு நிஸாம் சொன்னான்: "சனிக்கிழமை நான் பாக்குறேன்."

அது ஒரு கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. ஞாயிறு நான், திங்கள் நான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் செவ்வாய் என்றேன். ஒரு நிமிசத்தில் கிழமை நிறைந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. மாமியின் உழைப்பு வீண் போகவில்லை என்று ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டோம். எங்கள் ஊரைப் போல வேறு ஊர் உண்டா என்றும் யாரோ சொன்னார்கள்.

விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதம் எடுத்தது. மாமி றியாஸைப் பழக்கியது சரி. கூடவே எங்களையும் பழக்கியிருந்தார், ஆனால் ஒரு நாளுக்கு மட்டும். ஒரு நாள் வைத்திருக்கிற பொறுமை எங்கள் எல்லோரிடமும் இருந்தது. அதற்கு அடுத்த நாளுக்குரிய பொறுமை ஒருவரிடமும் இல்லை. நாளைக்கு அவன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான் என்கிற நினைப்பில்தான் எல்லோரும் அன்பாக இருந்தோம்.

அவனுடைய காலில் சிப்பி வெட்டியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர், சனிக்கிழமை வீட்டில் மருந்து போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். திங்கள் வீடு ஞாயிறை நினைத்தது. என்னிடம் வந்தபோது, இது பழைய காயம்தானே, யாரோ பார்க்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன், இவ்வளவு யோசிக்கிற நான். அவனுக்கு நோகுது என்று சொல்லத் தெரியாது. கால் வீங்கிச் செருப்புக்குள் போகாமல் ஆனபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு விரலை எடுத்தார்கள். "வீட்டுல ஒருத்தரும் பாக்கல்லையா?" என்று தாதி ஏசினார். எல்லா வீடும் பார்த்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இல்லம் ஏதும் இருக்கிறதா என்று தலைவர் விசாரித்துப் பார்த்தார். தூரத்தில் ஒன்று இருந்தது. தானாகக் குளித்து உடுக்கத் தெரிந்தவர்களைத்தான் எடுப்பார்களாம். அதற்கும் இடமில்லையாம். சட்டம் என்ன ஆனது என்று கேட்டால், இன்னும் வரைவில் இருக்கிறது, திருத்துகிறார்கள் என்றார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சமூக சேவை உத்தியோகத்தர் மிஸ் வந்தார். புதிய சட்டம் வருவதற்கு முன்னால் ஊர் ஊராக விபரம் எடுக்கிறார்களாம். பள்ளிவாசல் முன்றலில் கதிரை போட்டு இருத்தினோம். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். என் நாள் என்பதால் றியாஸ் எனக்குப் பக்கத்தில் நின்றான்.

"இவருக்குப் பாதுகாவலர் யாரு?"

"நாங்க எல்லாரும்தான் மிஸ்" என்றான் நிஸாம். பெருமையாகத்தான் சொன்னான்.

"எல்லாரும் என்டு போட ஏலாது, நானா. ஒரு ஆள்தான். நாளைக்கு ஒரு சேவை வந்தா அந்த ஆளுக்குத்தான் அறிவிப்பாங்க. காய்ச்சல் வருத்தம் வந்தா, ஆஸ்பத்திரியில சைன் வைக்க, எல்லாத்துக்கும் அந்த ஆள்தான் பொறுப்பு. சாகும் வரைக்கும்."

நல்ல மனிசி. அதட்டிச் சொல்லவில்லை. பிறகு றியாஸிடமே கேட்டார்.

"நீங்க யாரோட இரிக்கிறீங்க தம்பி?"

றியாஸ் என்னைக் காட்டினான். "இன்டைக்கு இந்த நானா."

"நாளைக்கு?"

மற்றொருவரைக் காட்டினான். பிறகு அவர் கேட்காமலே ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு போனான். ஒரு நாளும் பிழைக்கவில்லை. விரல் தன் பக்கம் வரும்போது ஒவ்வொருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். நிஸாம்கூடச் சிரித்து முடிக்கவில்லை.

என் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் மகளுக்குப் பதினொரு வயது. இன்னும் கொஞ்ச நாளில் குமர்ப்பிள்ளை. மனைவியின் முகம் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சரி, இத இப்ப வெறுமையா விடுறேன்" என்றார் மிஸ். "அடுத்த தரம் வரும்போது ஒரு பேர் சொல்லுங்க. பேர் இல்லாட்டி சட்டம் வந்தும் இவருக்கு ஒன்டும் செய்ய ஏலாமப் போகும்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்கட மகளும் இரிக்கிறா தானே?"

"ஓம் மிஸ்."

"பாதுகாவலர்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பேனையை எடுக்காமலே அடுத்ததைக் கேட்டார்.

"உங்களுக்குப் பிறகு?"

நான் நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். யார் வீட்டில் ஆண்பிள்ளைகள் இல்லை, யாருடைய மனைவிக்குக் கோபம் குறைவு, யாருக்கு என்னைவிட வயது குறைவு. அவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.